பாதி வார்த்தை பேசிய முள்ளம்பன்றி

கருங்காட்டுக் குளத்தின் மேல்கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளையில் வாழ்ந்து வந்தது. அப்பா ஊசியப்பன். அம்மா வேரம்மா. மகள் சிமிழி, மகன் தக்கையன்.

அந்தக் காட்டில் கிழங்குதான் காசு. கிழங்கைத் தின்னவும் செய்யலாம், கொடுத்துப் பொருள் வாங்கவும் செய்யலாம். ஊசியப்பன் மண் தோண்டுவதில் கெட்டிக்காரன். நாளெல்லாம் தோண்டிக் கிழங்கு சேர்ப்பான். ஆனால் சேர்த்தது எதுவும் வீட்டில் தங்காது.

காரணம், குரங்குச் சந்தை. ஊசியப்பன் எப்போதும் பசியோடுதான் சந்தைக்குப் போவான். பசியோடு போனவனுக்குப் பார்த்ததெல்லாம் தேவையாகத் தெரியும். ஒருமுறை எட்டுக் கிழங்கு கொடுத்து இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வாங்கி வந்தான். தலையை வைத்த மாத்திரத்தில் முள் குத்தித் தலையணை கிழிந்தது. பஞ்செல்லாம் வளைக்குள் பறந்தது.

“தலையணை சரியில்லை!” என்றான் ஊசியப்பன். மறுநாள் போய் இன்னும் நாலு தலையணை வாங்கி வந்தான்.

அந்த வருடக் கோடை கடுமையாக இருந்தது. மண் பாறையாக இறுகிப் போனது. தோண்டினால் நகம்தான் தேய்ந்தது, கிழங்கு வரவில்லை. வளையில் இருந்தவை ஐந்து கிழிந்த தலையணைகள் மட்டுமே. பசி தாங்காமல் சிமிழி மயங்கி விழுந்தாள். பக்கத்து வளை முயல் பொன்னுருவி ஓடிவந்து, தன் பங்கு வேரைக் கடித்து மென்று அவள் வாயில் ஊட்டினாள். அதனால்தான் பிள்ளை பிழைத்தாள்.

மழை வந்து, மண் இளகிய அன்று வேரம்மா சொன்னாள்: “ஏங்க, அடுத்த கோடையில நம்ம பிள்ளை இப்படி விழக்கூடாது. இன்னையிலேர்ந்து சிக்கனமா இருப்போம்.”

“இருப்போம்!” என்றான் ஊசியப்பன். அன்றுதான் சிக்கனம் என்ற சொல்லையே அவன் முதல்முதலாகக் கேட்டான்.

வேரம்மா தன் பங்குக்குச் சின்னச் சின்ன காரியங்கள் செய்தாள். பிள்ளைகள் பாதி கடித்து எறிந்த கிழங்கை எடுத்துக் கழுவி மறுவேளைக்கு வைத்தாள். கிழங்கைத் தோண்டும்போது கொடியின் தலையை மறுபடி மண்ணில் ஊன்றினாள். சந்தைக்குப் போகும் நாளில் எல்லோருக்கும் முதலில் வயிறு நிறையக் கொடுத்தாள். என்ன வாங்கவேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனாள். தினமும் இரண்டு கிழங்கை எடுத்து, வளையின் கடைசி அறையில் ஈர மணலுக்குள் புதைத்தாள்.

ஊசியப்பனுக்கு இதெல்லாம் அற்பமாகத் தெரிந்தது.

“தினம் ரெண்டு கிழங்கா? பெரிசா ஏதாச்சும் செய்யணும்!” என்று சொல்லிக்கொண்டே காட்டுக்குள் நடந்தான்.

வழியில் ஒரு நரி பாறைமேல் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் சாமர்த்தியலிங்கம். பாறையில் கரியால் எழுதியிருந்தது: ‘சிக்கன யோசனைகள் இங்கே கிடைக்கும். ஒரு யோசனை ஒன்பது கிழங்கு.’

“வாங்கண்ணே! மிச்சம் பிடிக்கிற ஆசை உங்க முகத்திலேயே தெரியுது!” என்றது நரி.

“யோசனைக்கு ஒன்பது கிழங்கா? அதிகமா இருக்கே?”

“சும்மா கிடைக்கிற யோசனையை யாருண்ணே மதிக்கிறா? செலவு பண்ணாத்தான் சிக்கனம் மனசுல பதியும்!”

ஊசியப்பனுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு ஓடினான். மணலைத் தோண்டி ஒன்பது கிழங்கு எடுத்து வந்து கொடுத்தான்.

நரி அவன் காதருகே குனிந்தது. “பேசினா மூச்சு செலவாகும். மூச்சு செலவானா பசிக்கும். பசிச்சா கிழங்கு செலவாகும். அதனால இனிமே எந்த வார்த்தையையும் பாதிக்கு மேல பேசாதீங்க. பாதிக்குப் பாதி மிச்சம்!”

“அடடா!” என்று சொல்லப்போன ஊசியப்பன், “அட!” என்று நிறுத்திக்கொண்டான்.

நரிக்குக் கிழங்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சந்தையில் கொடுத்து நண்டு வாங்கியது. ஆனால் அதன் திட்டம் நண்டோடு முடியவில்லை.

குளத்தின் கீழ்க்கரையில் ஒரு சிறுத்தை இருந்தது. அதற்கு முள்ளம்பன்றிக் கறி என்றால் உயிர். முள் என்றால் பயம்.

அன்று நரி அதனிடம் போய்ச் சொன்னது: “ராஜா, இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க. அந்த முள்ளம்பன்றி தானாவே முள்ளை மடக்கிக்கிட்டு நிக்கும். கறி உங்களுக்கு. அவன் வீட்டுக் கடைசி அறையில இருக்கிற கிழங்கு பூரா எனக்கு.”

“அவன் ஏன் முள்ளை மடக்கப்போறான்?”

“நான் சொல்லுவேன். அதுக்கு அவனே எனக்குக் கூலியும் கொடுப்பான்!”

சிறுத்தை சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்குகளெல்லாம் பறந்துவிட்டன.

ஊசியப்பன் வீட்டில் பாதி வார்த்தை ஆரம்பமானது.

“தண்!” என்றான். தண்ணீர் கேட்டான் என்பது யாருக்குத் தெரியும்? தக்கையன் ஓடிப்போய் ஒரு கீரைத்தண்டைக் கொண்டுவந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுருவி வந்தாள். பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியவள், வயதில் மூத்தவள். அவளை “வாங்க” என்று அழைக்கவேண்டும். பாதியில் நிறுத்தினான் ஊசியப்பன்.

“வா!”

பொன்னுருவியின் காது இரண்டும் விறைத்தன. “என்னது, வாவா?”

“உட்!” என்றான் ஊசியப்பன். உட்காருங்கள் என்று அர்த்தம்.

“என்னையா விரட்டுறே? நான் போயிட்டு வரேன்!” என்று பொன்னுருவி கோபத்தோடு திரும்பினாள்.

போயிட்டு வாங்க என்று மரியாதையாக வழியனுப்பப் பார்த்தான் ஊசியப்பன். சிக்கனம் தடுத்தது. “போ!” என்றான்.

அதன் பிறகு பொன்னுருவி அந்த வளைப் பக்கமே வரவில்லை.

“ஏங்க, உங்களுக்கு வாயில ஏதாவது வியாதியா?” என்று வேரம்மா கேட்டாள்.

“சிக்!” என்றான் ஊசியப்பன் பெருமையாக. சிக்கனம் என்பதில் பாதி.

“சிக்கா? எங்க சிக்கிச்சு? தொண்டையிலயா?” வேரம்மா பதறிப்போய் அவன் முதுகைத் தட்டப் போனாள். முள் குத்தும் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஊசியப்பன் இரண்டாவது யோசனை வாங்கினான்.

“ரெண்டு கண்ணையும் ஒரே நேரத்துல தேய்க்கிறீங்களே! ஒரு கண்ணை மூடிவெச்சா அது புதுசாவே இருக்கும்ல?” என்றது நரி.

அன்று முதல் ஊசியப்பன் இடது கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். நேராகப் போவதாக நினைத்து வலது பக்கமாகவே வளைந்து வளைந்து போனான். கிழங்கு தோண்டக் கிளம்பினால் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தான். “அட, வீ பக்!” என்று ஆச்சரியப்பட்டான். வீடு பக்கத்தில் இருக்கிறதாம்!

மூன்றாவது யோசனை முள்ளைப் பற்றியது.

“ஒரு தவளை கத்தினாக்கூட அத்தனை முள்ளையும் சிலிர்க்கிறீங்க. அடி ஆடிப்போயி உதிர்ந்திடாதா? ஆபத்துக்கு ஒரு முள்ளு போதும்ணே. தேவைப்பட்டா இன்னொண்ணு!”

ஊசியப்பன் குளத்துத் தண்ணீரில் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு முள்ளை மட்டும் தூக்கப் பழகினான். அது மிகவும் கஷ்டமான வேலை. பழகிய பிறகு, காட்டிலேயே தனக்கு மட்டும்தான் இது தெரியும் என்று கர்வமும் வந்தது.

வேரம்மா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “முள்ளு நமக்கு இருக்கிறதே சிலிர்க்கிறதுக்குத்தானேங்க! மிச்சம் பிடிச்சு யாருக்குக் கொடுக்கப் போறீங்க?”

“பே!” என்றான் ஊசியப்பன்.

பேசாதே என்பதில் பாதி அது. வேரம்மா அதைப் பேய் என்று புரிந்துகொண்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நாலாவது யோசனையைக் கேட்டால் உங்களுக்குக் கோபமே வரும். “ஒரு வீட்டுக்கு எதுக்குண்ணே ரெண்டு வாசல்? பின்வாசல் வழியா வீட்டுக் காத்தெல்லாம் வீணாப் போகுதே!” என்றது நரி.

வேரம்மா பிள்ளைகளோடு கீரை பறிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஊசியப்பன் பின்வாசலை மண்ணால் அடைத்தான். கல்லை வைத்து இறுக்கினான். அதற்கும் ஒன்பது கிழங்கு எடுத்துக் கொடுத்தான். மணலுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தபோது கிழங்கு குறைந்திருப்பது அவனுக்கே தெரிந்தது. ‘இவ்வளவு சிக்கனமாக இருந்தும் எப்படிக் குறைகிறது? இன்னொரு யோசனை வாங்கவேண்டும்’ என்று நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே சிறுத்தை வந்தது.

ஊசியப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். வேரம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். சிறுத்தை அவனுடைய இடது பக்கமாகப் பதுங்கி வந்தது. அது அவன் கண்ணை மூடி வைத்திருந்த பக்கம். மூச்சுக்காற்று கன்னத்தில் சூடாகப் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் தோல்! கரும்புள்ளி!

ஊசியப்பன் பதறி எழுந்தான். வளைக்குள் கேட்கும்படி பலமாகக் கத்தினான். ஆனால் இரண்டு மாதப் பழக்கம் வாயைப் பிடித்து இழுத்தது.

“சிறு! சிறு!”

உள்ளே தக்கையன் துள்ளிக் குதித்தான். “சிறுகிழங்காம்! அப்பா சிறுகிழங்கு கொண்டு வந்திருக்காரு!”

“எனக்குத்தான் முதல்ல!” என்று சிமிழியும் ஓடிவந்தாள்.

இரண்டும் வாசலில் தலையை நீட்டின. எதிரே சிறுத்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“அம்மா!” என்று அலறிக்கொண்டு திரும்பி உள்ளே ஓடின. வேரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “பின்வாசல் வழியா ஓடுங்க!” என்று பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே வாசலைக் காணோம்! மண்சுவர்தான் இருந்தது. வேரம்மா நகத்தால் சுரண்டினாள். கல் அசையவில்லை.

வெளியே ஊசியப்பன் வழிமறித்து நின்றான். முதுகைக் குலுக்கினான். ஒரு முள் எழுந்து நின்றது.

“ஒண்ணா? பல்லுக் குத்தவா?” என்று சிறுத்தை சிரித்தது.

ஊசியப்பன் முக்கி முனகி இன்னொரு முள்ளைத் தூக்கினான்.

“ஓ, ரெண்டு பக்கப் பல்லுக்குமா! ரொம்ப உபசாரம்!” என்ற சிறுத்தை அவனை ஒரே தட்டாகத் தட்டி ஓரமாகத் தள்ளியது. கிழவனை அப்புறம் தின்னலாம், இளங்கறிதான் ருசி என்று வளைக்குள் தலையை நுழைத்தது. நகத்தை நீட்டித் துழாவியது. ஒரு நகம் சிமிழியின் வாலைத் தொட்டது.

“அப்பா!” என்று கத்தினாள் சிமிழி. அவள் கத்தியது முழு வார்த்தை.

ஊசியப்பன் துள்ளி எழுந்தான். மூடியிருந்த கண் தானாகத் திறந்தது.  இரண்டு மாதமாக அவன் விழுங்கி விழுங்கி வைத்திருந்த மீதிப் பாதிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் வெளியே கொட்டின.

“சிறுத்தை! சிறுத்தை! விடு என் பிள்ளையை! வாங்க பொன்னுருவியக்கா, உட்காருங்க! தண்ணீர் கொண்டா வேரம்மா! கிழங்கு வெந்துச்சா? போயிட்டு வாங்கக்கா! சிக்கனம்! பேசாதே! வீடு பக்கத்துலதான் இருக்கு! டேய் தக்கையா, காலைக் கழுவிட்டு உள்ள வா!”

சிறுத்தைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ‘யார் அந்தப் பொன்னுருவியக்கா? எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? என்னையா உட்காரச் சொல்கிறான்?’ என்று குழம்பி, வளைக்குள்ளிருந்து தலையை எடுத்துத் திரும்பிப் பார்த்தது.

அப்போது ஊசியப்பன் முதுகில் இருந்த அத்தனை முள்ளும் சடசடவென்று எழுந்து நின்றன. ஒன்று இரண்டு என்று எண்ண அவனுக்கு நேரமில்லை. பின்பக்கமாகவே வேகமாக ஓடிவந்து சிறுத்தையின் மூஞ்சியில் மோதினான்.

“ஐயோ!” என்று பின்வாங்கியது சிறுத்தை. பின்னால் வளையின் வாசல். அங்கே வேரம்மா முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு தயாராக நின்றாள். பின்பக்கத்திலும் வாங்கிக்கொண்டது. முன்னால் போனால் கணவன், பின்னால் போனால் மனைவி! நாலு முறை போய் வந்த பிறகுதான் பக்கவாட்டிலும் ஓடலாம் என்று அதற்குத் தோன்றியது. பிய்த்துக்கொண்டு ஓடியது.

புதருக்குப் பின்னால் நரி ஒரு கோணிப்பையோடு கிழங்குக்காகக் காத்திருந்தது. சிறுத்தை அதன் முன்னால் போய் நின்றது. மூக்கில் முள், மீசையில் முள், வாலடியில் முள்.

“ஒரு முள்ளுகூட நிமிராதுன்னுதானே சொன்னே?”

“ராஜா, கணக்குல ஏதோ சின்னத் தப்பு...”

“பிடுங்குடா!”

நரி பல்லால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. ஒவ்வொரு முள்ளுக்கும் வலி தாங்காமல் சிறுத்தை ஓர் அறை விட்டது. நாற்பத்து மூன்று முள், நாற்பத்து மூன்று அறை. விடிந்தபோது நரிக்குப் பல்லும் இல்லை, நிற்கப் பலமும் இல்லை. காலியான கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தக் காட்டை விட்டே போய்விட்டது.

வளைக்குள் பிள்ளைகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. ஊசியப்பன் தலை குனிந்தபடி நின்றான்.

“நரிக்கு முப்பத்தாறு கிழங்கு கொடுத்தேன், வேரம்மா. சிக்கனமா இருக்கக் கத்துக்கிறதுக்காக.”

வேரம்மா அவன் பக்கத்தில் வந்தாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் அவன் மூக்கில் சிறுத்தை அடித்த காயம் ரத்தமாக இருந்தது. பச்சிலையைக் கசக்கி அதில் வைத்துக் கட்டினாள்.

“கிழங்கு போனாப் போகுது. முதல்ல அந்தக் கல்லை எடுங்க. பின்வாசல் திறக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலையில் ஊசியப்பன் பொன்னுருவியின் வளைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். ஒரு வார்த்தையைக்கூட விடாமல் சொன்னான். கேட்டு முடிப்பதற்குள் பொன்னுருவி இரண்டு முறை தூங்கி எழுந்தாள்.

“போதும்பா, மன்னிச்சிட்டேன்! நிறுத்து!” என்றாள் கடைசியில். “என் மகளுக்குக் கல்யாணமாகி அஞ்சு குட்டி. இடம் போதலை. ஒரு வளை தோண்டித் தர்றியா? முப்பது கிழங்கு தரேன்.”

ஊசியப்பன் ஒரே வாரத்தில் தோண்டிக் கொடுத்தான். முன்வாசல் ஒன்று, பின்வாசல் இரண்டு வைத்துத் தோண்டினான். கிடைத்த முப்பது கிழங்கோடு குரங்குச் சந்தை வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். புறப்படும் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான். மயில்தோகை விசிறி, பாக்குமட்டைத் தொப்பி என்று குரங்குகள் கூவிக் கூவி அழைத்தன. அவன் நின்று பார்த்தான். நன்றாகத்தான் இருந்தன. “அழகா இருக்கு. ஆனா எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நடந்தான். முப்பது கிழங்கும் முப்பதாகவே வீடு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு தினமும் இரண்டு கிழங்கை மணலில் புதைப்பது அவன் வேலையானது. சில நாள் ஒன்றுதான் முடிந்தது. மழை பிடித்துக்கொண்ட நாளில் ஒன்றுமே முடியவில்லை. முடிந்தபோது புதைத்தான்.

கோடை வந்தது. மண் மறுபடியும் இறுகியது. வேரம்மா கடைசி அறையிலிருந்து அளந்து அளந்து எடுத்துக் கொடுத்தாள். யாரும் கொழுக்கவில்லை, யாரும் மயங்கி விழவும் இல்லை. ஒருநாள் பொன்னுருவியின் பேரக்குட்டிகளுக்குத் தீனி போதவில்லை என்று தெரிந்து, அங்கேயும் தினம் ஒரு கிழங்கு போனது.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. குளத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்து, பிறகு கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. மண் வாசனை வளைக்குள் வந்தது.

ஊசியப்பன் கடைசி அறைக்கு ஓடி மணலைக் கிளறினான். திரும்பி வந்தபோது அவன் முகம் கிழங்குபோல் உருண்டு மலர்ந்திருந்தது.

“வேரம்மா! இன்னும் ஏழு மிச்சம் இருக்கு! ஏழு! இதை என்ன பண்ணலாம்? கல்லுக்கு அடியில ஒளிச்சு வைக்கலாமா? இல்ல, எப்பவும் எடுக்காம அப்படியே வெச்சு, பேரன் பேத்திக்குக் காட்டலாமா?”

வேரம்மா எழுந்து வந்து, மணலைத் தட்டிவிட்டு ஏழையும் வெளியே எடுத்தாள்.

“மழை வந்தாச்சு, மண்ணு இளகியாச்சு, நாளைக்குப் புதுசாத் தோண்டலாம். இது இன்னைக்குச் சாப்பிட. பொன்னுருவியக்காவையும் கூப்பிடுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

ஊசியப்பனுக்கு முதல் கிழங்கு தொண்டையில் இறங்கவே இல்லை. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதை எடுக்கக் கை நீட்டியபோது, சிமிழியும் அதையே எடுக்க வந்தாள். அவளுக்கே கொடுத்துவிட்டு, அவள் கடித்து மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதி: வேண்டாததை விடுவதும், முடிந்ததைச் சேர்ப்பதும், வேண்டிய நேரத்தில் மனம் கோணாமல் செலவழிப்பதும்தான் சிக்கனம், அவசியமானதையே குறைப்பவன் இருப்பதையும் இழப்பான்.